மறுதொடக்கம் மருந்தாகுமா?

கணினித் துறையில் பயிலும் எங்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மென்பொருளாவது எழுதி ஒப்படைக்க வேண்டியிருக்கும். நான்கைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, இரவெல்லாம் கண்விழித்து எழுதி, கடைசி நாளன்று விரிவுரையாளர் முன்னிலையில் அதை ஓட்டிக் காட்டுவோம். பத்து நிமிடம் தடங்கலின்றி ஓடினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மறுநாள் முதல் அந்த மென்பொருளை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெளியுலகில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஒரு மென்பொருளின் வாழ்க்கை தொடங்குவதே அது மக்களின் கைக்குப் போகும் நாளில்தான். அன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ அது இரவு பகலாக ஓடியாக வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். எழுதச் சொன்னவர் ஓய்வு பெற்றிருப்பார். மென்பொருள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அது திடீரென்று நின்றுபோனால் நம்மில் பலருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். 'ரீஸ்டார்ட்' செய்வது!

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலியை நிறுத்துமுன் அதன் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கான எளிய கருவிகள், குறிப்பாக ஜாவா மொழியில் எழுதப்பட்ட இணையச் செயலிகளுக்கு, ஒரு காசு செலவின்றிக் கிடைக்கின்றன. இருந்தும் நாம் பார்ப்பதில்லை. பார்க்காததால் வரும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை என்பதே என் கருத்து.

ஞாயிறு மாலையும் நம் நம்பிக்கையும்

இதெல்லாம் கணினிக்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று தமிழ் இலக்கியமோ பொருளியலோ படிக்கும் நண்பர்கள் நினைக்கலாம். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். பஃபலோ சாலையிலிருந்து சையத் ஆல்வி சாலை வரை மனிதத் தலைகள். வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்துவிட்டு, கிடைக்கும் அந்த ஒரு நாளில் ஊருக்குப் பணம் அனுப்பவும், பொட்டலம் அனுப்பவும், தொலைபேசிக்குப் பணம் நிரப்பவும் வந்திருப்பவர்கள். அவர்கள் நிற்கும் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு கணினித் திரை இருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அது நின்றால் வரிசையும் நிற்கும்.

2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இந்தியாவின் 'யுபிஐ' முறையும் இணைக்கப்பட்டன. கைத்தொலைபேசியிலிருந்தே ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி வந்தது. வரிசை குறைந்தது உண்மை. ஆனால் மென்பொருளை நாம் நம்பியிருக்கும் அளவு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை அதே ஆண்டு நாம் நேரில் கண்டோம். 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் தடைபட்டன. சுமார் 2.5 மில்லியன் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்றும், வங்கிகளின் மின்னிலக்கத் தளங்களில் நுழைய மேற்கொள்ளப்பட்ட 810,000 முயற்சிகள் வரை தோல்வியடைந்தன என்றும் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. டிபிஎஸ் வங்கிக்கு அந்த ஆண்டில் அது முதல் தடங்கல் அன்று. நவம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூர் நாணய ஆணையம், அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்கும்படி அவ்வங்கிக்கு உத்தரவிட்டது. புதியதைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, ஓடுவதைச் சரியாக ஓடச் செய் என்பதே அதன் பொருள்.

வங்கிகளைக் கேட்க ஆணையம் இருக்கிறது. முக்கியமான ஓர் அமைப்பு 12 மாதங்களில் மொத்தம் நான்கு மணி நேரத்திற்கு மேல் எதிர்பாராமல் முடங்கிக் கிடக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் சிறு நிறுவனத்தை யார் கேட்பது? அங்கே வரிசையில் நிற்பவரின் நேரத்துக்கு மதிப்பில்லையா?

கண்ணாடிச் சன்னல் ஏற்கெனவே இருக்கிறது

ஜாவா மொழி 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. இன்று அது ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஜாவாவில் எழுதும் நிரல் கணினியின் மேல் நேரடியாக ஓடுவதில்லை. இடையில் ஒரு மெய்நிகர் இயந்திரம் இருந்து அதை ஓட்டுகிறது. இந்த இடையாள் இருப்பதில் ஒரு பெரும் நன்மை உண்டு. எந்த வேலை எங்கே நடக்கிறது, எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். கேட்டால் அது சொல்லும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு 'ஜேஎம்எக்ஸ்' என்றொரு பொது வரையறை உண்டு. 2004இல் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பிலிருந்து அது மொழியோடு சேர்ந்தே வருகிறது. 'ஜேகன்சோல்' என்ற சிறு கருவியும் அதே பதிப்பில் வந்தது. ஓடும் செயலியோடு அதை இணைத்தால் நினைவகம், இழைகள், செயற்கூற்றின் சுமை எல்லாம் வரைபடங்களாகத் திரையில் விரியும். வாகன ஓட்டுநரின் முன்னால் இருக்கும் வேகமானியையும் எண்ணெய்மானியையும் போலத்தான் இது. 2008 வாக்கில் 'விஷுவல்விஎம்' வந்தது. முன்பு கட்டணக் கருவியாக இருந்த 'ஃபிளைட் ரெக்கார்டர்' 2018இல் ஜாவா 11ஆம் பதிப்போடு அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போலச் செயலியின் நடப்பை அது தொடர்ந்து பதிவு செய்துகொண்டே வரும். அதனால் செயலிக்கு ஏற்படும் கூடுதல் சுமையோ மிகச் சிறிது.

இவை தவிர இணையச் செயலிகளுக்கென்றே திறமூலக் கருவிகள் இருக்கின்றன. 'ஜாவாமெலடி' அவற்றில் ஒன்று. அதன் கோப்புகளைச் செயலியின் நூலகக் கோப்புறையில் போட்டுவிட்டால், எந்தப் பக்கம் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எது தாமதமாகிறது, எந்தத் தரவுத்தளக் கேள்வி நேரத்தைத் தின்கிறது என்று தனிப் பக்கமொன்றில் காட்டிவிடும். 'டாம்கேட்' வழங்கியைப் பயன்படுத்துவோருக்கு 'பிஎஸ்ஐ புரோப்' என்ற கருவி உண்டு. இவற்றை நிறுவ அரை நாள்கூடத் தேவையில்லை.

கருவி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். முதலாவது, நினைவகம். ஜாவா தனக்குத் தேவையற்ற பொருள்களை அவ்வப்போது தானே கூட்டிப் பெருக்கிவிடும். அதைக் குப்பை சேகரிப்பு என்பார்கள். ஒவ்வொரு முறை பெருக்கிய பின்னும் நினைவகப் பயன்பாடு பழைய அளவுக்கு இறங்குகிறதா, அல்லது அந்த அடிமட்டமே நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிகிறது. இரண்டாவது, இழைகள். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் பணியாட்களைப் போன்றவை இவை. டாம்கேட் வழங்கியில் நாம் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 200 இழைகள் வேலை செய்யும். அவை உழைக்கின்றனவா, எதற்காகவாவது காத்துக் கிடக்கின்றனவா? மூன்றாவது, தரவுத்தளத்துக்குப் போகும் இணைப்புகள். எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்களா? நான்காவது, எந்தப் பக்கம் தாமதமாகிறது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளின் வாசலுக்கே நாம் போய்விடலாம்.

ஒரு பொட்டலக் கடையில் கண்டது

சென்ற ஆண்டு விடுமுறையில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறு நிறுவனத்தில் வேலைப்பயிற்சியில் இருந்தேன். இந்தியாவுக்குப் பொட்டலங்கள் அனுப்பும் தொழில். முகப்பில் இருக்கும் ஊழியர்கள் அனுப்புநர், பெறுநர் விவரங்களைத் தட்டச்சு செய்து ரசீது அச்சிடுவார்கள். பின்னால் ஒரு ஜாவா செயலி டாம்கேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் எப்போதோ போய்விட்டார். பார்த்துக்கொள்ள இருந்தவர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் மட்டுமே.

வார நாள்களில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு ஏழு மணி வாக்கில் செயலி உறைந்துவிடும். முகப்பிலிருந்து குரல் வரும்: "அண்ணே, மறுபடி நின்னுடுச்சு!" அண்ணன் மறுதொடக்கம் செய்வார். இரண்டு நிமிடத்தில் ஓடும். இது போதாதென்று தினமும் நள்ளிரவில் தானாகவே மறுதொடக்கம் ஆகும்படியும் செய்து வைத்திருந்தார்கள். ஏன் நிற்கிறது என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "தம்பி, மொதல்ல கடைய ஓட விடுவோம். அப்புறமா ஆராய்ச்சி பண்ணிக்கலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. வாசல் வரை ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் அந்த 'அப்புறம்' இரண்டு ஆண்டுகளாக வரவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் ஏதாவது ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். அங்கே பழி விழுந்தது முகப்பில் இருந்த ஓர் அக்காமீது. அவர் பொறுமையில்லாமல் விசையை மீண்டும் மீண்டும் தட்டுகிறாராம், அதனால்தான் செயலி நிற்கிறதாம். முதலாளியே ஒரு முறை எல்லார் முன்னிலையிலும் அப்படிச் சொன்னார். அக்கா பதில் பேசவில்லை. பதில் சொல்ல அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

நான் அண்ணனிடம் ஒரே ஓர் அனுமதிதான் கேட்டேன். மறுதொடக்கம் செய்யுமுன் அரை நிமிடம் வேண்டும். ஜாவாவோடு வரும் 'ஜேஸ்டாக்' என்ற கட்டளை, ஓடும் செயலியின் ஒவ்வோர் இழையும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிக் கொடுக்கும். பத்து வினாடி இடைவெளியில் மூன்று முறை அதை ஓட்டிக் கோப்பில் சேமிக்கும்படி நான்கு வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதினோம். ஒரு முறை எடுத்தால் ஓர் இழை தற்செயலாக அங்கே இருந்தது எனலாம். மூன்று முறையும் அதே இடத்தில் நின்றால் அது மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்த ஞாயிறு செயலி நின்றது. கோப்பைத் திறந்தால், 200 இழைகளில் ஏறத்தாழ எல்லாமே ஒரே வரியில் காத்துக் கிடந்தன. தரவுத்தள இணைப்பு வேண்டும் என்று கேட்டுவிட்டு நிற்கின்றன. அந்தச் செயலிக்கு ஒதுக்கப்பட்டிருந்த இணைப்புகள் 20. இருபதையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. தேடிப்போனால் ரசீது அச்சிடும் பக்கத்தில் வந்து நின்றது. பெறுநர் முகவரியில் பின்கோடு காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் பிழை ஏற்படும். பிழை ஏற்பட்டவுடன், இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் வரிக்கு நிரல் போகாமலேயே வெளியேறிவிடும். ஒரு பிழைக்கு ஓர் இணைப்பு போயிற்று. ரசீது வரவில்லையே என்று ஊழியர் மறுபடி தட்டினால் இன்னொன்றும் போயிற்று.

அப்படியானால் ஞாயிறு மட்டும் ஏன்? வார நாள்களில் பின்கோடு இல்லாமல் வருவோர் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். இருபதை எட்டுமுன் நள்ளிரவு வந்துவிடும். மறுதொடக்கம் கணக்கைத் துடைத்துவிடும். ஞாயிறன்று மட்டும் இருபது தாண்டிவிடும். நோயைத் தீர்க்க வைத்த நள்ளிரவு வைத்தியம்தான் நோயை இரண்டு ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தது!

திருத்தம் ஆறு வரி. 2011இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பிலிருந்தே, எடுத்த இணைப்பு எந்த வழியில் வெளியேறினாலும் தானாகத் திரும்பிவிடும்படி எழுத வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினோம். நள்ளிரவு மறுதொடக்கத்தையும் எடுத்துவிட்டோம். நான் அங்கிருந்த மீதி ஐந்து ஞாயிறுகளிலும் செயலி நிற்கவில்லை. அக்கா விசையைத் தட்டியது உண்மைதான். ஆனால் அது குற்றமில்லை. ரசீது வராவிட்டால் யாராக இருந்தாலும் தட்டத்தான் செய்வார்கள். தவறு நிரலில் இருந்தது என்பதை அண்ணன் அந்தக் கோப்பை அச்சிட்டு முதலாளிக்குக் காட்டினார். அந்த ஒரு தாள் இல்லாதிருந்தால் இன்றும் பழி அக்காவிடம்தான் இருந்திருக்கும். பார்க்காததால் வரும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயை இன்னதென்று தெரிந்துகொண்டு, அது வந்த காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பிறகே தீர்க்கும் வழியைக் கைக்கொள்ளச் சொல்கிறது. நாமோ பள்ளியில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு, கணினி முன் அமர்ந்ததும் கடைசிப் படியில் தொடங்குகிறோம்.

மறுப்புகளும் என் பதிலும்

மேகக் கணிமைக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று என் வகுப்பு நண்பர்களே கேட்கிறார்கள். 'குபர்நெட்டீஸ்' போன்ற அமைப்புகள், செயலி பதில் சொல்லாவிட்டால் தாமாகவே அதை அழித்துவிட்டுப் புதியதை எழுப்பிவிடும். உண்மை. வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த நள்ளிரவு மறுதொடக்கத்துக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? முன்பு நாளுக்கு ஒரு முறை தடயம் அழிந்தது. இப்போது மணிக்கு ஒரு முறைகூட அழியலாம், யாருக்கும் தெரியாமல். எழுப்பட்டும். அதற்கு முன் தடயத்தை வெளியே எடுத்து வைக்கட்டும். நினைவகம் தீர்ந்து விழும்போது அந்த நேரத்து நிலையைக் கோப்பாக எழுதிவிட்டு விழும்படி ஜாவாவுக்கு ஒரே வரியில் சொல்லி வைக்கலாம்.

பெரிய கண்காணிப்பு மென்பொருள்கள் சந்தையில் இருக்கும்போது இந்தச் சின்னக் கருவிகள் போதுமா என்பது இன்னொரு கேள்வி. நூற்றுக்கணக்கான வழங்கிகளை வைத்திருக்கும் வங்கிக்குப் போதாது. அவர்களுக்குப் பெரியவை வேண்டும். ஒரே ஒரு வழங்கியை வைத்திருப்பவருக்கு, மாதந்தோறும் கட்டணம் கட்டி வாங்கி எவரும் திறந்து பார்க்காத பெரிய பலகையைவிட, வாரம் ஒரு முறை ஒருவர் உட்கார்ந்து பார்க்கும் சிறிய பக்கம் மேலானது.

கவனிக்கத்தக்க மறுப்பு ஒன்றுதான். கண்காணிப்புக் கருவியே ஆபத்தாகலாம். உள்ளே பார்க்கும் சன்னல் நமக்குத் திறந்திருந்தால் திருடனுக்கும் திறந்திருக்கும். 2024 டிசம்பரில் ஜெர்மனியில் வெளிவந்த செய்தி இதற்குச் சான்று. வோக்ஸ்வேகன் குழுமத்தின் சுமார் 800,000 மின்வாகனங்களின் தரவுகள் எவரும் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. 'ஸ்பிரிங் பூட்' செயலியின் கண்காணிப்புப் பகுதி வெளியே திறந்து கிடந்ததும், அதன் வழியாக நினைவகத்தின் முழு நகலையே எடுக்க முடிந்ததும், அந்த நகலுக்குள் மேகச் சேமிப்பின் திறவுகோல்கள் இருந்ததும்தான் காரணம். ஆகவே கருவியை வெளி இணையத்துக்குத் திறக்கக் கூடாது. நிறுவும்போது வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். நினைவக நகலை அடையாள அட்டையைப் போலப் பாதுகாக்க வேண்டும். வாசல் ஆபத்தானது என்பதற்காக யாரும் வாசலே இல்லாமல் வீடு கட்டுவதில்லை. பூட்டுத்தான் போடுகிறோம்.

கருவி காட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 2018இல் சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அதை விசாரித்த குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், அறிகுறிகள் முன்பே ஊழியர் சிலரின் கண்ணில் பட்டிருந்தும் பொறுப்பில் இருந்தவர்கள் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்பது தெளிவாக வந்தது. அதே சமயம், ஜூலை 4ஆம் தேதி தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் ஓடுவதைக் கவனித்துத் தடுத்தவரும் அங்கே பணிபுரிந்த ஒரு தரவுத்தள நிர்வாகிதான். கவனிக்கும் ஒரு கண் இருந்ததால்தான் அது அந்த அளவோடு நின்றது.

நம்மவர் தொழில்

கட்டுவதே பெருமை, பார்த்துக்கொள்வது இரண்டாந்தர வேலை என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஒரு தமிழ்நாட்டு உதாரணமே பதில் சொல்லும். இன்று 'சோஹோ' என்று உலகறிந்த நிறுவனம் 1996இல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கியது. அப்போது அதன் தொழில், வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணித்து நிர்வகிப்பதற்கான மென்பொருள்களை ஜாவாவில் எழுதுவது. நான் மேலே சொன்ன ஜேஎம்எக்ஸ் வரையறைக்கும் அவர்கள் கருவிகள் செய்தார்கள். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தபோது, அதே அனுபவத்தை வைத்து அலுவலகங்களின் கணினி அமைப்புகளைக் கண்காணிக்கும் 'மேனேஜ்இன்ஜின்' கருவிகளுக்குத் திரும்பினார்கள். ஓடும் ஜாவா செயலிகளையும் டாம்கேட் வழங்கிகளையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளும் அவற்றில் உண்டு. 2009இல் நிறுவனத்தின் பெயர் சோஹோ ஆயிற்று. 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தார்கள். ஆக, 'பார்த்துக்கொள்வது' என்ற இந்த வேலை தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

நம்மவர் செய்தது என்பதால் விதிவிலக்கும் இல்லை. 2021 செப்டம்பரில் மேனேஜ்இன்ஜின் கருவி ஒன்றில் இருந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தை உரிய நேரத்தில் நிறுவாததால், செஞ்சிலுவைச் சங்க அனைத்துலகக் குழுவின் வழங்கிகளுக்குள் அந்த ஆண்டு நவம்பரில் எவரோ நுழைந்தனர். 515,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாயின. காவலாளியையும் அவ்வப்போது நலம் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

நான் கேட்பது

மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, பல்கலைக்கழகத்துக்கு. மென்பொருள் ஒப்படைப்பில் கடைசி நாள் ஓட்டத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, அதை இரண்டு வாரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்து எழுதும் அறிக்கைக்குத் தாருங்கள். நாங்கள் எழுதிய நிரல் எங்கே திணறுகிறது என்று நாங்களே பார்த்தால், அடுத்த முறை வேறு மாதிரி எழுதுவோம்.

இரண்டாவது, வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களுக்கு. உங்கள் அனுபவம் எங்கள் பாடநூல்களில் இல்லை. ஒரு செயலி நின்ற கதையையும் அதன் காரணத்தை நீங்கள் கண்டுபிடித்த கதையையும், நிறுவனத்தின் பெயர் சொல்லாமல், இந்த இதழில் எழுதுங்கள். வெற்றிக் கதைகளைவிட அவை எங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாவது, நம் பேரவைக்கு. நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். அதன் பிறகு கணினியைப் பற்றித் தமிழில் பேசும் வாய்ப்பே எனக்குக் கிடைத்ததில்லை. பொட்டலக் கடையில்தான் அது கிடைத்தது. முகப்பில் இருந்த அக்காவுக்கு நடந்ததை விளக்க வேண்டியிருந்தது. இழை என்பதைப் பணியாள் என்றும், இணைப்பை இரவல் வாங்கிய சாவி என்றும், இருபது சாவியும் திரும்பி வராததால் இருநூறு பேர் கதவருகே நின்றார்கள் என்றும் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். "அப்ப சாவிய திருப்பிக் குடுக்காதது நான் இல்லதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல முடிந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

கணித்தமிழ் என்றாலே எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் என்று நாம் நின்றுவிடுகிறோம். அவை வேண்டியவைதான். அவற்றோடு, தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் மென்பொருளை நம்பித் தொழில் செய்யும் நம் மக்களுக்கு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்லும் பொறுப்பும் நமக்கு உண்டு. ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒரு வகுப்பறை, இரண்டு மடிக்கணினிகள் போதும். சிறு நிறுவனங்களில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் அழைத்து, இந்த நான்கு கேள்விகளையும் கேட்கும் முறையைத் தமிழிலேயே காட்டுவோம். பேரவை ஏற்பாடு செய்தால் முதல் வகுப்பை எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு சேர்ந்து எடுக்க யார் வருகிறீர்கள்?